கல்லூரியில் வலுதூக்குதல்: மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜிம்மில் சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வலுதூக்குதல் சொல்லிக்கொடுக்கிறேன். படிக்கிற காலத்தில் 52 கிலோ பிரிவில் தூக்கியவள். வருகிறவர்களில் பாதிப்பேர் நாகர்கோவில், மார்த்தாண்டம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். மீதிப்பேர் காலையில் குழித்துறை ஸ்டேஷனில் ரயிலேறி, பாறசாலை தாண்டி நெய்யாற்றின்கரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள். அவர்களும் அவர்களுடைய அப்பா அம்மாவும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

வலுதூக்குதலும் பளுதூக்குதலும் ஒன்றுதானே?

இல்லை. பளுதூக்குதலில் பாரை, அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியை, தரையிலிருந்து தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று அதில் இரண்டு வகை. ஒலிம்பிக்கில் இருப்பது அதுதான். 2000 சிட்னியில் ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வாங்கியதும், வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கியதும் அதில்தான்.

பவர்லிஃப்டிங் என்கிற வலுதூக்குதலில் மூன்று தூக்கு. பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். பெஞ்சில் மல்லாந்து படுத்து, நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையில் கிடக்கும் பாரைப் பிடித்து நிமிர்ந்து நிற்பது டெட்லிஃப்ட். எதுவுமே தலைக்கு மேலே போகாது. இது ஒலிம்பிக்கில் இல்லை. ஒலிம்பிக்கில் இடமில்லாத விளையாட்டுகளுக்காக நடக்கும் வேர்ல்டு கேம்ஸில் 1981 முதல் இருக்கிறது. பாராலிம்பிக்கில் பெஞ்ச் பிரஸ் மட்டும் உண்டு. 2004 ஏதென்ஸில் நம் நாட்டு ராஜிந்தர் சிங் ரஹேலு அதில் வெண்கலம் வாங்கினார்.

பளுதூக்குதலின் வேகமும் நுணுக்கமும் உடம்பில் படியப் பல வருடம் ஆகும். சின்ன வயதிலேயே பிடித்தால்தான் ஆச்சு. வலுதூக்குதலைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, 18 வயதில் தொடங்கி, இரண்டாம் ஆண்டிலேயே மேடையேறலாம். பள்ளிக்கூடத்தில் எந்த டீமிலும் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் இதில் வழி இருக்கிறது. இந்த விளையாட்டின் மேல் எனக்குப் பிரியம் வந்ததே அதனால்தான்.

போட்டி எப்படி நடக்கும்?

காலையில் எடை பார்ப்பார்கள். தூக்கு தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எடை மேடை திறக்கும். அப்புறம் ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு, மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றிலும் தூக்கியதில் அதிகமானதை எடுத்து மூன்றையும் கூட்டினால் வருவது உங்கள் டோட்டல். இரண்டு பேருக்கு ஒரே டோட்டல் வந்தால் உடம்பு எடை குறைந்தவர் ஜெயித்தவர். மூன்று ஸ்குவாட்டும் தவறினால் டோட்டல் கிடையாது.

பெயரைக் கூப்பிட்டு, பார் தயார் என்றதும் ஒரு நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். மூன்று நடுவர்கள் மூன்று பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு வெள்ளை விளக்கு எரிந்தால் தூக்கு செல்லும். ஸ்குவாட்டில் தொடையின் மேல்பக்கம், இடுப்பு மூட்டுப் பகுதியில், முட்டியை விடக் கீழே போயிருக்க வேண்டும். பாதி உட்கார்ந்து எழுந்தால் சிவப்புதான். பெஞ்சில் பார் நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவர் 'பிரஸ்' என்பார்.

என் முதல் போட்டியில் முதல் ஸ்குவாட் 60 கிலோ. தினமும் தூக்குகிற எடை. கை முழுக்க வெள்ளைப் பொடி, உள்ளங்கை மட்டும் ஈரம். நன்றாகவே இறங்கி எழுந்தேன். எழுந்த சந்தோஷத்தில் நேராக ஸ்டாண்டில் பாரை வைத்துவிட்டேன். மூன்று சிவப்பு. நடுவர் 'ரேக்' என்று சொல்லும் வரை நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பழகியதில்லை. நான் பழகிய இடத்தில் யாரும் ஒருநாளும் கட்டளை சொல்லிப் பார்த்ததில்லை. இன்றைக்கு என்னிடம் வருகிற பிள்ளைகள் வெறும் பாரைத் தூக்கும்போதே எதிரில் ஒருவர் நின்று 'ஸ்குவாட்', 'ரேக்', 'டவுன்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கட்டாயம்.

பல்கலைக்கழக டீமில் எப்படிச் சேர்வது? வீடு தமிழ்நாட்டில், காலேஜ் கேரளாவில். நான் எந்தப் பக்கம்?

எங்கே படிக்கிறீர்களோ அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கம். குமரி மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். பார்டர் தாண்டி நெய்யாற்றின்கரையில் கலை, அறிவியல் படித்தால் கேரளப் பல்கலைக்கழகம். ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாநிலச் சங்கம் நடத்தும் போட்டிக்குத்தான் அந்த மாநிலத்தில் பதிவு வேண்டும். 1956 நவம்பர் 1 வரைக்கும் பார்டரே இல்லாமல் ஒரே மாநிலமாக இருந்த ஊர் இது. இரண்டு பக்கமும் நம்மவர்கள்தான், கூச்சப்படாமல் போய்த் தூக்குங்கள்.

வழி இதுதான்: முதலில் உங்கள் கல்லூரி பி.டி. சாரைப் பார்த்துப் பெயர் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் கல்லூரிகளுக்கிடையே போட்டி நடத்தும். அதில் தெரிகிறவர்களிலிருந்து பல்கலைக்கழக டீம் எடுப்பார்கள். அந்த டீம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். ஆண்கள், பெண்கள் இரண்டுக்கும் உண்டு.

பல கல்லூரிகளில் பாரே இருக்காது. கிரிக்கெட், வாலிபால் என்றுதான் கேட்டுப் பழகியிருப்பார்கள். "நான் வெளியே பயிற்சி எடுக்கிறேன், பெயர் மட்டும் அனுப்புங்கள் சார்" என்று நீங்களே போய் நில்லுங்கள். என்னுடைய பிள்ளைகளில் முக்கால்வாசிப்பேர் அப்படி முதல் ஆளாகப் போய் நின்றவர்கள்தான்.

நான் 50 கிலோகூட இல்லை. தூக்குகிற விளையாட்டு எனக்கு எதற்கு?

உங்களோடு மோதப்போகிறவரும் அதே எடைதான். பன்னாட்டு விதிப்படி பெண்களுக்கு 47, 52, 57, 63, 69, 76, 84, அதற்கு மேல் என்று பிரிவுகள். ஜூனியர்களுக்கு 43-ம் உண்டு. ஆண்களுக்கு 59, 66, 74, 83, 93, 105, 120, அதற்கு மேல், ஜூனியர்களுக்கு 53. கல்லூரி அளவில் சின்ன எடைப் பிரிவுகளில் ஆள் கிடைக்காமல் தேடுவார்கள். ஒல்லியாக இருப்பவர்கள் தைரியமாக வாருங்கள்.

பிள்ளை பொம்பளைப்பிள்ளை. ஆம்பளை மாதிரி ஆகிவிடுவாளா? கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறார்களே?

அதிகமாக வருகிற கேள்வி இது. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, உள்ளே வராமலே ஓர் அம்மா கேட்டார். அவர் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. என் அம்மாவும் இதையேதான் கேட்டார்.

ஆண்மைச் சுரப்பு ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்கும் பெண்களுக்கு இல்லை. அதனால் தோள் அகன்று ஆம்பளை உடம்பு வராது. தொடையும் முதுகும் கெட்டிப்படும், நடை நிமிரும். நாங்கள் பார்ப்பது அவ்வளவுதான்.

கர்ப்பப்பை இறக்கத்துக்குப் பெரிய காரணங்கள் பிரசவங்கள், வயது, நாள்பட்ட மலச்சிக்கல், இருமல். பிரசவமே ஆகாத 19 வயதுப் பிள்ளை முறையாகப் பழகி, படிப்படியாக எடை ஏற்றுவதற்கு அந்தப் பயம் வேண்டாம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: கனமாகத் தூக்கும்போது சில பெண்களுக்குக் கொஞ்சம் சிறுநீர் கசியும். போட்டித் தூக்குக்காரிகளிடம் இது அபூர்வமில்லை. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமும் இல்லை. எடையைக் குறைத்து, மூச்சு விடும் முறையைத் திருத்தி, இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகும். குறையாவிட்டால் மகளிர் மருத்துவரிடம் போக வேண்டும். மாதவிடாய் நாட்களில் உடம்பு கேட்டால் செய்யலாம், கேட்காவிட்டால் விடலாம். சோர்வு மாறவே இல்லையென்றால் இரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு அது அதிகம்.

பெண்கள் கனம் தூக்குவது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும்போது பெண்களும் தூக்குகிறார்கள். கேரளத்து வடகரைக்காரி மஜிசியா பானு பல் மருத்துவம் படித்துக்கொண்டே, ஹிஜாபோடு மேடையேறி வலுதூக்கினார். ஸ்கூட்டரில் வந்து கேட்ட அந்த அம்மாவின் மகள் இப்போது மூன்றாம் ஆண்டு. அம்மா உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறார்.

சரி, மெடலை விடுங்கள். உடம்புக்கு என்ன லாபம்?

முதலில் எலும்பு. எலும்பின் உறுதி 30 வயதுக்குள்ளாகவே உச்சத்துக்கு வந்துவிடும். பிறகு இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை. கல்லூரி வருடங்கள் சேமிக்கிற வருடங்கள். கனம் ஏறும்போது எலும்பு அந்தச் சுமையை உணர்ந்து கெட்டிப்படுகிறது. இது இளசுகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினர் எட்டு மாதம், வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் கண் முன்னே ஸ்குவாட், டெட்லிஃப்ட் எல்லாம் கனமாகச் செய்தார்கள். அவர்களுடைய இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை.

இரண்டாவது சர்க்கரை. எங்கள் ஊரில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேட வேண்டும். 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது. நாட்டின் சராசரி 11.4. சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது தசைதான். தசை சுருங்கி வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். தொடை, முதுகு, புட்டம் போன்ற பெரிய தசைகளுக்கு வேலை கொடுப்பது ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும். அப்பா, தாத்தா இருவருக்கும் சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல முன்னேற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கைப்பிடி வலுவையும் சொல்ல வேண்டும். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. பிடிவலு 5 கிலோ குறையக் குறைய, இறப்பு வாய்ப்பு 16 சதவீதம் கூடியிருந்ததாம். பிடியை மட்டும் வலுவாக்கினால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பு முழுக்க எப்படி இருக்கிறது என்பதைக் கை காட்டிக்கொடுக்கிறது.

அப்புறம் மனசு. 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, எடைப் பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கிறது என்று 2018-ல் சொன்னது. நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். அரியர் வைத்துவிட்டுத் தலை குனிந்து வருகிற ஒரு தம்பி, போன மாதம் 100 கிலோவில் நின்றவன், இந்த மாதம் 102.5 தூக்கிவிட்டு வெளியே போகும்போது முகம் வேறாக இருக்கும். இரண்டரைக் கிலோ. பாரில் ஏறியதா இல்லையா என்பதை எவரும் மாற்றிச் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு அந்த வயதில் அப்படி ஒரு கணக்கு தேவைப்படுகிறது.

வலுதூக்குகிறவர்கள் ஓட்டம், நடையை விட்டுவிடுவார்கள். அது தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இரண்டையும்தான்: வாரம் 150 நிமிடமாவது மூச்சு வாங்கும் உழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடிக்காமல் வேகமாக நடந்து வாருங்கள்.

முதுகு போய்விடாதா?

பயிற்சி நேரம் ஆயிரம் மணிக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை காயம் என்பது இந்த விளையாட்டில் ஆய்வுகள் சொல்லும் கணக்கு. கால்பந்தில் காயம் இதைவிட அதிகம். இடுப்பு, தோள், முட்டி மூன்றும்தான் அடிக்கடி பிடிக்கும்.

நான் பார்த்த வரையில் முதுகு பிடித்துக்கொள்வது இரண்டு காரணத்தால். ஒன்று, ஒரே மாதத்தில் 20 கிலோ ஏற்றும் அவசரம். இன்னொன்று, டெட்லிஃப்ட் எடுக்கும்போது பார் காலை விட்டு விலகிப்போவது. பார் கால் எலும்பை உரசிக்கொண்டே வர வேண்டும். அதனால்தான் போட்டியில் முட்டிக்குக் கீழ் வரை நீள சாக்ஸ் கட்டாயம். ஒரு கை தூரம் தள்ளி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிப் பாருங்கள், பிறகு உடம்போடு ஒட்டித் தூக்கிப் பாருங்கள். விஷயம் புரியும். ரப்பர் பால் வெட்டப் போகும் என் அப்பா இரண்டு வாளியை உடம்போடு ஒட்டித்தான் சுமப்பார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நம் ஊரில் உளுக்கு என்றால் முதலில் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போய்த் தடவுவார்கள். தசைப்பிடிப்புக்கு அது இதமாக இருக்கும். வலி காலுக்குள் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ தடவல் வேண்டாம், எலும்பு மருத்துவர்தான்.

பி.பி. ஏறுமா?

மூச்சைப் பிடித்துக் கனமாகத் தூக்கும் அந்தச் சில விநாடி நன்றாகவே ஏறும். பாரை வைத்ததும் இறங்கிவிடும். தொடர்ந்து பழகுகிறவர்களுக்குச் சாதாரண நேரத்து பி.பி. கொஞ்சம் குறையவே செய்கிறது. ஆனால் ஏற்கெனவே பி.பி. கட்டுக்குள் இல்லாதவர், இதயக் கோளாறு உள்ளவர், குடும்பத்தில் இளவயதில் திடீரென்று யாராவது இறந்திருப்பவர், மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

உயரம் நின்றுவிடுமா?

நிற்காது. எடைப் பயிற்சி வளர்ச்சியை நிறுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை. கல்லூரிக்கு வருவதற்குள் பெரும்பாலோர் வளர்ந்து முடித்தும் இருப்பார்கள்.

என்ன சாப்பிட வேண்டும்? பவுடர் வாங்க வசதியில்லை.

வாங்க வேண்டாம். உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது தசை வளர்ச்சிக்குப் போதுமான அளவு. 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 96 கிராம். நம் சமையலறையில் பார்ப்போம். நாலு முட்டை 24 கிராம். சாளை மீன் முள் நீக்கி 150 கிராம் என்றால் கிட்டத்தட்ட 30. காலையில் புட்டோடு ஒரு கப் சிறுபயறோ கடலைக்கறியோ 14. அரை லிட்டர் பால் 16. சோறு, புட்டு, நிலக்கடலை இவற்றிலிருந்து மீதி வந்துவிடும். சாளை விலை ஏறினால் நெத்திலி.

மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) மட்டும் கவனம். எனக்கும் உயிர்தான், ஆனால் அது மாவு. 100 கிராமில் புரதம் ஒரு கிராம் சுற்றித்தான். மரச்சீனி மட்டும் தின்று தூக்க முடியாது. மீன்கறியோடு தின்றால் தூக்குவதற்கு முந்தைய மத்தியானத்துக்கு அதைப்போல ஒன்றில்லை. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்). கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) குடிப்பவர்கள் குடிக்கலாம், ராத்திரி தூக்கம் கெடாத நேரத்தில்.

ஜிம்மில் ஒருவர் ஊசி போட்டால் ஆறு மாசத்தில் டீம் என்கிறார்.

அந்த ஆளிடமிருந்து விலகுங்கள். தசையை ஏற்றும் அந்த அனபாலிக் ஸ்டீராய்டு ஊசி இதயத்தை வீங்கவைக்கும், கொழுப்பைக் கெடுக்கும், ஆணுக்கு விதையைச் சுருக்கும். பெண்ணுக்குக் குரல் தடித்தால் திரும்பாமலே போகலாம். ஊக்கமருந்தைப் பிடிக்கும் தேசிய அமைப்பான நாடா, பல்கலைக்கழகப் போட்டிகளிலும் சோதனைக்குச் சிறுநீர் எடுக்கும். 2022-ல் இதற்கென்று தேசியச் சட்டமே வந்துவிட்டது. மாட்டினால் தடை பல வருடம். கல்லூரியில் படிக்கிற காலமே அவ்வளவுதான். லேபிளில் எழுதாத மருந்து கலந்த பவுடர்களாலும் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். "எனக்குத் தெரியாது" என்றால் விடமாட்டார்கள். இருமல் மருந்து வாங்கினாலும், விளையாட்டுக்காரன் என்று மருத்துவரிடம் சொல்லி வாங்குங்கள்.

எடை கூடிவிட்டது. தண்ணீர் குடிக்காமல் இருந்து குறைக்கலாமா?

முதல் போட்டிக்கு வேண்டவே வேண்டாம். ஒரு பிரிவு மேலே தூக்குங்கள். உடம்பு வற்றினால் தசை இழுக்கும், தலை சுற்றும், கையில் பிடி நிற்காது. தோளில் 100 கிலோ இருக்கும்போது தலை சுற்றுவதை நினைத்துப் பாருங்கள்.

சர்டிபிகேட்டுக்கு மதிப்பு உண்டா?

கேரளப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுக்கு கிரேஸ் மார்க் உண்டு. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ஒவ்வொரு அறிவிப்பிலும் எந்த விளையாட்டு, எந்த மட்டம் என்று பட்டியல் போடுவார்கள். வலுதூக்குதல் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள். நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் போட்டி நடத்துகின்றன. பன்னாட்டு சம்மேளனத்தோடு இணைந்தது பவர்லிஃப்டிங் இந்தியா. பணம் கட்டினால் எல்லோருக்கும் 'நேஷனல்' மெடல் என்று கூப்பிடும் இடத்துக்குப் போவதற்கு முன் உங்கள் பி.டி. சாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர். மெத்தை வைத்த ஓட்டப்பந்தய ஷூ வேண்டாம்; அடி தட்டையான கேன்வாஸ் ஷூ போதும். பெல்ட் இப்போது வாங்காதீர்கள், ஆறு மாதம் போகட்டும். வாங்கும்போது 10 சென்டிமீட்டருக்கு மேல் அகலமில்லாமல் பாருங்கள், போட்டியில் விடமாட்டார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கட்டும். முதல் வாரம் பார்கூடக் கையில் தரமாட்டேன், வெறும் கம்புதான். வெறும் பாரே 20 கிலோ. சாயங்காலம் அஞ்சரைக்கு வாருங்கள். ரயில் லேட்டானால் ஆறு மணி ஆனாலும் பரவாயில்லை, திறந்துதான் இருக்கும்.